செங்கோடனுக்கு வந்த ஜாதகங்கள்

"அக்கா, கமெண்ட் போடறவங்களோட பேரு, ஊரெல்லாம் நமக்கு எதுக்கு? எழுதிட்டுப் போகட்டுமே" என்று அகிலா போனில் கேட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வார இதழில் வாசகர் கடிதப் பகுதியைக் கவனித்துக்கொள்பவள் அவள்தான். அந்தப் பகுதியை இனி அச்சில் போடாமல், இணையத்தில் கதைக்கு அடியிலேயே யார் வேண்டுமானாலும் எழுதும்படி மாற்றப்போகிறார்களாம். எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பாவமாக இருந்தது. அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் ஆகாது. செங்கோடன் விவகாரத்தை முழுசாகச் சொன்னால்தான் விளங்கும்.

நான் சேலத்துக்காரி. டைப் அடிக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு பிழை திருத்தினேன், சமையல் குறிப்பு எழுதினேன், ராசிபலன்காரர் மட்டம் போட்ட வாரங்களில் எல்லா ராசிக்கும் நானே பலன் எழுதினேன். கன்னி ராசிக்காரர்களுக்கு அந்த வாரங்களில் கெட்டதே நடக்காது, ஏனென்றால் அது என் ராசி. இப்படி உருண்டு உருண்டு கடைசியில் வாசகர் கடிதத்துக்கு வந்து உட்கார்ந்தேன். ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. வாசகர்களுக்கு என் பெயர் சரஸ்வதி என்பது தெரியாது. எல்லோருக்கும் நான் 'கடுதாசி அம்மிணி'தான்.

எங்கள் ஆசிரியரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அரைக்கை வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் வறுத்த கடலை. யாரையும் அவர் அதட்டி நான் பார்த்ததில்லை. கடலை மெல்வதை நிறுத்தினார் என்றால் கோபமாக இருக்கிறார் என்று நாங்கள் புரிந்துகொள்வோம். வந்த கடிதம் எதையும் அவர் தானாகப் படிக்கமாட்டார். நான்தான் எதிரில் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். அதுவும் சும்மா படித்தால் போதாது. "எழுதினவங்க மாதிரி படிங்கம்மா" என்பார். குமாரபாளையத்துத் தறிக்காரர் எழுதியிருந்தால் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரலில் படிக்க வேண்டும். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் எழுதியிருந்தால் நடுவில் நிறுத்தி ஒரு செருமல் வேண்டும். முதல் வாரம் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் நாடகத்துக்குக் கூப்பிட்டால்கூடப் போயிருப்பேன், அவ்வளவு ருசி கண்டுவிட்டது. நான் படிக்கும் நேரத்துக்குச் சரியாக டிடிபி பிரிவில் இருந்து ஆட்கள் ஏதாவது சாக்கு வைத்து உள்ளே வந்து நிற்பார்கள்.

அவரிடம் சில பிடிவாதங்கள் இருந்தன. பெயரும் ஊரும் இல்லாத கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அச்சுக்குப் போகாது. பெயரும் ஊரும் இருந்தாலும்கூட, எழுதியவருக்கு நாங்கள் போன் போட்டு, "இது நீங்கள் எழுதியதுதானா? பெயர் போடலாமா?" என்று கேட்டு, அவர் வாயால் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் போகும். அடுத்தது, பக்கத்தின் தொடக்கத்தில் எப்போதும் திட்டுதான் வர வேண்டும். பாராட்டுக்குப் பின்வரிசை. "பாராட்டறவங்க காத்திருப்பாங்க, திட்டறவங்களுக்குப் பொறுமை கிடையாது" என்பார். ஆனால் திட்டிலும் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார். ஒருவன் செய்ததைத் திட்டலாம், பிறந்ததைத் திட்டக் கூடாது. சாதியைச் சொல்லியோ, உடம்பைச் சொல்லியோ வந்த கடிதங்களை அவர் கிழிக்கக்கூட மாட்டார். "அது கடிதமில்லைங்கம்மா, அடுத்ததப் படிங்க" என்பார், அவ்வளவுதான்.

செங்கோடன் எங்கள் தொடர்கதை ஒன்றில் வருகிற லாரி டிரைவர். எழுதியவர் தங்கவேல். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர், கதையும் எழுதுவார். செங்கோடன் சேலத்தில் இருந்து வடக்கே ஜவ்வரிசி லோடு ஏற்றிப் போவான். எவ்வளவு ஆசை காட்டினாலும் ஓவர்லோடு ஏற்றமாட்டான். வழியில் யார் நின்றாலும், "இடம் இருக்குதுங்க, ஏறுங்க" என்பான். அப்படி ஏறியவர்களின் சண்டையை, சங்கடத்தை, களவு போன மாட்டை எல்லாம் தீர்த்துவைத்துவிட்டு வண்டியை எடுப்பான். ஊருக்கெல்லாம் கல்யாணம் முடித்துவைத்தவன், தான் மட்டும் கட்டிக்கொள்ளவில்லை.

நம் ஜனங்களுக்கு இது பொறுக்குமா? ஒரு முகூர்த்த மாதத்தில் முதல் ஜாதகம் வந்தது. சேந்தமங்கலத்தில் இருந்து ஒரு தகப்பனார் மகளுக்காக அனுப்பியிருந்தார். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து நான் போன் போட்டேன். "கதையில வர்ற ஆளுன்னு தெரியுமுங்க. இருந்தாலும் ஒரு பொருத்தம் பாத்து வெச்சா என்ன கொறஞ்சு போவுது?" என்றார் அவர். அதைத் துணுக்காகப் போட்டோம். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. போட்டோ வைத்து அனுப்பினார்கள். செங்கோடன் எந்தச் சாதி, அதில் எந்தக் கூட்டம், குலதெய்வம் எது, தோட்டம் தொரவு உண்டா என்று கேட்டார்கள். தங்கவேல் இந்தக் கேள்விகளுக்கு மட்டும் வாயே திறக்கமாட்டார். அதனால் எல்லாச் சாதிக்காரர்களும் அவனைத் தங்கள் வீட்டுப் பையன் என்றே நினைத்துக்கொண்டார்கள். "நம்பி அனுப்பிச்சிருக்காங்க, தூக்கிப் போடாதீங்க" என்று ஆசிரியர் ஜாதகங்களுக்கென்று இரும்பு பீரோவில் ஒரு தட்டையே ஒதுக்கிக்கொடுத்தார்.

அந்தத் தட்டில் நாமகிரிப்பேட்டை பாவாயியக்காவின் மகள் ஜாதகமும் இருந்தது. பாவாயியக்காவுக்கு மஞ்சள் காடு. கணவர் இல்லை. மகள் ஒன்று, லாரி ஓட்டுகிற மகன் ஒன்று. வியாழக்கிழமை இதழ் கடைக்கு வந்ததும் எனக்கு முதல் போன் அவருடையதாகத்தான் இருக்கும். "ஏனுங்க அம்மிணி, அந்தச் செங்கோடன் மழையில நனஞ்சுக்கிட்டே டயர் மாத்தறானே, தங்கவேலுகிட்டச் சொல்லி ஒரு குடையாச்சும் குடுக்கச் சொல்லப்படாதா?" என்பார். மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் எங்களுக்கு அந்தப் போன் நின்றதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சேலத்தில் வாசகர் சந்திப்பு வைத்தோம். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். கேசரி, போண்டா எல்லாம் முடிந்து கேள்வி நேரம். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, எப்போதும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள். "செங்கோடனுக்கு எப்பங்க சார் கல்யாணம்?"

எப்போதும் சிரித்து மழுப்புகிற தங்கவேல் அன்றைக்கு மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். "அவனுக்குப் பொண்ணு பாக்கறத எல்லாரும் உட்ருங்க. பொண்ணுங்க மேல அவனுக்கு அந்த மாதிரி நெனப்பு வந்ததேயில்ல. அவன் பிரியமெல்லாம் ஆம்பளைங்க மேலதான். நான் புதுசாச் சொல்லலைங்க, மொத அத்தியாயத்துலருந்தே அவன் அப்பிடித்தான். எனக்குச் சொல்றதுக்குத்தான் இத்தன நாளாத் தெகிரியம் வர்ல" என்றார்.

பின்வரிசையில் இருந்து ஒரு டிரைவர் மெல்ல எழுந்தார். "அப்பக் கோலாப்பூர் மாதவராவுங்களா?" என்றார். தங்கவேலுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினார். மாதவராவ் கதையில் வருகிற வெல்லமண்டிக்காரர். செங்கோடன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் கடையில் வண்டியை நிறுத்தி வெல்லக் காபி குடிப்பான். "அதான பாத்தேன்" என்றார் டிரைவர். "சோலாப்பூர் லோடுக்கு ஹூப்ளியிலருந்து பிஜாப்பூர் வழியா நேராப் போயிரலாமுங்க. இவன் எப்பப் பாத்தாலும் கோலாப்பூரச் சுத்திக்கிட்டே போறான். டீசல் விக்கற வெலைக்கு ஒரு காப்பிக்காக எவனாச்சும் அத்தன தூரம் சுத்துவானா? எழுதறவருக்கு ரூட்டு தெரியலையாட்டருக்குதுன்னு நாங்கெல்லாம் பேசிக்குவோம்." கூடமே சிரித்தது. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவருக்கு ரூட்டு தெரியாது என்று சொன்னதில் தங்கவேலுக்கு ரோஷம் வந்து, அவரும் சிரித்துவிட்டார்.

கூடத்தில் சிரித்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் போன் சிரிக்கவில்லை. காலையில் நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அடிக்க ஆரம்பித்தது. பண்பாடு கெட்டுவிட்டது என்று ஒருவர். பிள்ளைகள் படிக்கிற இதழா இது என்று ஒருவர். குமாரபாளையத்தில் இருந்து ஒரு பெண், "என்ற மாப்பிள்ளையை இப்பிடிப் பறிச்சுப்போட்டீங்களே" என்று பாதி அழுகையும் பாதி சிரிப்புமாகப் பேசினாள். ஒரு பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது அவன் சொந்த சமாச்சாரம். வழியில நிக்கறவங்கள ஏத்திக்குவானா மாட்டானா, அத மட்டுஞ் சொல்லுங்க" என்றார். ஏற்றிக்கொள்வான் என்றேன். "அப்பச் சரி" என்று வைத்துவிட்டார். ஜாதகம் அனுப்பியவர்களில் பாதிப் பேர் திருப்பிக் கேட்டார்கள். பீரோவைத் திறந்து உறை ஒட்டி உறை ஒட்டி எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு போன் மட்டும் எனக்கு மறக்கவே இல்லை. பின்னால் லாரிகளின் இரைச்சல், ஹாரன். ஒரு ஆண் குரல் தயங்கித் தயங்கிப் பேசியது. "ஏனுங்க, செங்கோடன வண்டிய உட்டு எறக்கிப்போடுவீங்களா?"

"ஏன் இறக்கணும்?" என்றேன்.

"இல்லீங்க, இந்த மாதிரின்னு தெரிஞ்சா எறக்கிருவாங்க. அதான் கேட்டேன். அவன் ஓட்டிக்கிட்டே இருக்கோணும்னு ஒரு வரி போடுங்க."

"நல்லா போடறோம். பேரு, ஊரு சொல்லுங்க."

"பேரெல்லாம் வேண்டாமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பெயரில்லாததால் அந்த வரியை நாங்கள் போடவில்லை. வந்த எண்ணை மட்டும் ஏனோ அழிக்காமல் வைத்திருந்தேன்.

அதற்குள் தங்கவேல் ஆடிப்போயிருந்தார். ஏஜெண்டுகள் சிலர் இதழ்க் கட்டைத் திருப்பி அனுப்புவோம் என்று மிரட்டியிருந்தார்கள். அவர் ஆபீசுக்கு வந்து ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து, "என்னால உங்களுக்குத் தொந்தரவு வேண்டாமுங்க. தொப்பூர்க் கணவாயில வண்டியக் கவுத்துக் கதைய முடிச்சுப்போடட்டுமா?" என்றார். ஆசிரியர் கடலை மெல்வதை நிறுத்தினார். "கொல்றதுக்கா இத்தன வருசம் வளத்தீங்க?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "வந்ததையெல்லாம் படிங்கம்மா" என்றார். நான் படித்தேன். ஒவ்வொருவர் குரலிலும் படித்தேன். பிறப்பைத் திட்டியவற்றுக்கு, "அது கடிதமில்லை, அடுத்தது" என்றார். மிச்சமிருந்த திட்டுகளை அந்த வாரம் பக்கம் முழுக்கப் போட்டோம். ஒரு பாராட்டுக்குக்கூட இடமில்லை. தொடர் அது பாட்டுக்கு ஓடியது. மிரட்டிய ஏஜெண்டுகளே அடுத்த வாரம் கூடுதலாகக் கேட்டு வாங்கினார்கள். திட்டியவர்களுக்குத் தங்கள் பெயரை அச்சில் பார்க்க வேண்டுமே.

அந்த அமளியில் ஒன்றை நான் கவனிக்கத் தவறவில்லை. வியாழக்கிழமை வந்தது, பாவாயியக்காவிடம் இருந்து போன் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. எனக்கே என்னவோ போலிருந்தது. திட்டுவதென்றாலாவது கூப்பிட்டிருக்கலாம்.

பிறகு ஒரு நாள் அவரே நேரில் வந்துவிட்டார். காலையில் முதல் பஸ் பிடித்து வந்திருப்பார் போல. மஞ்சள் கறை ஏறிய விரல்கள், தோளில் ஒரு பை, முகத்தில் உறக்கமே இல்லை. போனிலேயே பழகியவரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். வாய் திறந்ததும் குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன். "என்ற மவ சாதகத்தக் குடுங்க, அம்மிணி" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகிப் பேரன் பேத்தி பெற்றுக் கொடுத்த மகளின் ஜாதகம் இவருக்கு எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீ வரவழைத்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. திடீரென்று, "செங்கோடனோட அம்மாளுக்குத் தெரியுமுங்களா?" என்றார்.

"எதுக்கா?"

"இந்தச் சமாச்சாரம். அந்தம்மா உசுரோடதான இருக்குது? நோம்பி திருவிழான்னா கதையில வருமே. அதுக்குத் தெரியுமா? தெரிஞ்சப்ப என்ன சொல்லுச்சு?"

தங்கவேல் அதை எழுதியிருக்கவில்லை. நல்லவேளையாக அன்றைக்கு அவர் அத்தியாயம் கொடுக்க வந்து ஆசிரியர் அறையில்தான் இருந்தார். பாவாயியக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். தங்கவேல் கையைப் பிசைந்தார். "அது மட்டும் எனக்கு எழுத வர்லைங்கக்கா. எங்கம்மா இருந்திருந்தா அவுங்களக் கேட்டிருப்பேன்" என்றார்.

பாவாயியக்கா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டு சொன்னார். "என்ற மவன் போன்ல கூப்புட்டான். செங்கோடனப் படிச்சயாம்மான்னான். படிச்சேன்னேன். நானும் அப்பிடித்தாம்மா, இனிமே எனக்குப் பொண்ணு பாக்காத அப்பிடீன்னான். நோம்பிக்கு ஊட்டுக்கு வரட்டுமா வேண்டாமா, நீயே சொல்லும்மான்னு கேட்டான். நான் பேசாம வெச்சுப்போட்டேன். மாரியம்மன் கோயில்ல கம்பம் நட்டாச்சுங்க. அடுத்த வாரம் பொங்கல். அவன்கிட்டப் போன் எடுத்தா என்ன பேசறதுன்னே தெரியலைங்க. அதான் அந்தம்மா என்ன சொல்லுச்சுன்னு கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தேன்."

ஆசிரியர் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். "அந்தம்மா ஒண்ணும் சொல்லலைங்க, இன்னும் எழுதலை. நீங்க செங்கோடனுக்கு ஏதாவது சொல்லணும்னா என்ன சொல்லுவீங்க? திட்டறதா இருந்தாலும் திட்டுங்க. நம்ம பக்கத்துல திட்டுக்குத்தான் முதல் இடம்" என்றார்.

அவ்வளவுதான். பாவாயியக்கா நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தார். நான் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். முதலில் செங்கோடனைத்தான் திட்டினார். போகப் போக யாரைத் திட்டுகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. முடிக்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், ஆனால் குரல் மட்டும் கணீரென்று இருந்தது. ஆசிரியர் என்னைப் பார்த்து, "எழுதினவங்க மாதிரி படிங்கம்மா" என்றார். அவரை எதிரில் வைத்துக்கொண்டே அவர் குரலில் படித்தேன். என் வாழ்நாளில் அதைப்போல் இன்னொன்றை நான் படித்ததில்லை.

"செங்கோடா, உன்னைய நாலு வார்த்த கேக்கோணும். நீ என்ன திருட்டா பண்ணிப்போட்ட, இத்தன வருசம் வாயத் தொறக்காம இருக்கறதுக்கு? உங்கம்மா உனக்குப் பொண்ணு பாக்கறேன்னு வெய்யில்ல எத்தன ஊரு அலஞ்சிருப்பா. போன ஊட்லயெல்லாம் குடுத்த காப்பியக் குடிச்சுக் குடிச்சுச் சக்கர ஏறுனதுதான் அவ கண்ட மிச்சம். முன்னாலயே சொல்லியிருந்தா அவ பாட்டுக்கு ஊட்ல உக்காந்து கத படிச்சிருப்பாளே. அதாவது போவுது. ஓவர்லோடு ஏத்தமாட்டேன், ஏத்தமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறயே, இத மட்டும் எதுக்குடா நீ ஒருத்தனாவே ஏத்திக்கிட்டு இத்தன தூரம் போன? இதுல பாதிய உங்கம்மா எறக்கி வெச்சிருக்கமாட்டாளா? அதுதான் எனக்குக் கோவம், வேறெதுக்கும் இல்ல. நோம்பிக்கு ஊட்டுக்கு வா சாமி. இன்னும் திட்டறதுக்கு நெறைய இருக்குது. நேர்ல வெச்சுத் திட்டிக்கறேன்."

தங்கவேல் வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார். பாவாயியக்கா, "நானா இப்பிடிப் பேசுனேன்?" என்றார். ஆசிரியர் மட்டும் கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பேரு போடலாங்களா? வேண்டாம்னாலும் சரி, உங்களுக்காக ஒரு தடவ விட்டுக்குடுக்கறேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"பேரப் போடுங்க, ஊரயும் போடுங்க. பேரில்லாம திட்டுனா திட்டுக்கென்ன மருவாதி?" என்றார் பாவாயியக்கா.

"அப்ப நடைமுறையச் செஞ்சிருங்கம்மா" என்று ஆசிரியர் என்னிடம் சொன்னார். எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், இதற்கு என்ன நடைமுறை என்று கேட்டுப் பார்த்தேன். அசையவில்லை. நான் என் மேசைக்குப் போய் போன் போட்டேன். அவர் அறையில் பாவாயியக்காவின் பைக்குள்ளே செல்போன் மாரியம்மன் பாட்டுப் பாடியது. "பாவாயியம்மாங்களா? செங்கோடனுக்கு வந்த கடிதம் நீங்க எழுதினதுதானா? பேரு போடலாமா?" என்று கேட்டேன். "ஆமாங்க, நாந்தான். போடுங்க" என்று கதவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தும், காதுக்குள்ளும் ஒரே சமயத்தில் கேட்டது. அறை முழுக்கச் சிரிப்பு. பாவாயியக்காவும் சிரித்தார். சிரித்த சிரிப்பில், எதற்காக வந்தாரோ அந்த ஜாதகத்தை மேசையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். மகனுக்குப் போன் செய்தீர்களா என்று நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை இதழ் வந்தது. முதல் கடிதம், பக்கத்தின் தலையிலேயே. நோம்பிக்கு இன்னும் சில நாட்கள்தான். டிரைவர்கள் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார்கள், எந்த மாநிலத்தில் ஓடினாலும் போய்விடும். அன்று முழுக்க எத்தனையோ போன்கள். எதிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு எண் வந்தது. பார்த்தேன், நான் அழிக்காமல் வைத்திருந்த எண். பின்னால் அதே இரைச்சல், அதே ஹாரன்.

"ஏனுங்க, இந்த வாரம் மொதக் கடுதாசி. அது நெசமாலுமே அவுங்க எழுதுனதுங்களா?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கையில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன்.

"இல்லீங்க, அவுங்க பேரப் போட்டு வேற ஆராச்சும் வெளையாட்டுக்கு எழுதியிருந்தா?" என்றார். "அப்பிடியெல்லாம் செய்வாங்கல்ல? அதான் கேக்கறேன். நல்லாத் தெரியுங்களா?"

எத்தனையோ ஆயிரம் முறை யாருக்கோ சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துப்போன வாக்கியம் அது. அன்றைக்கு அதை நிறுத்தி, நிதானமாகச் சொன்னேன். "பேரும் ஊரும் உறுதி பண்ணாம நாங்க ஒரு வரிகூடப் போடமாட்டோம் சாமி. நானே போன் போட்டுக் கேட்டேன். ஆமாங்க, நாந்தான், போடுங்கன்னு அவுங்க வாயால சொன்னாங்க. அவுங்க சொல்லச் சொல்ல எதிர்ல உக்காந்து எழுதுனதும் நாந்தான். போடுங்கன்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

அந்தப் பக்கம் வெகு நேரம் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நானும் வைக்கவில்லை. பிறகு, "சரிங்க. நான் ஊட்டுக்குக் கூப்புட்டுக்கறேன்" என்றார். வைத்துவிட்டார். நான் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன், டிடிபி பெண்கள் ஓடி வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன்.

நோம்பி முடிந்த மறுநாள் பாவாயியக்கா பேசினார். மகன் மாவிளக்கு எடுக்கிற அன்றைக்கு வந்து இறங்கினானாம். மூன்று நாளும் திட்டு, மூன்று நாளும் கறிச்சோறு. "ஏனுங்க அம்மிணி, அந்த மாதவராவு நல்ல பையனா இருக்கறான், தங்கவேலுகிட்டச் சொல்லி அவன மாத்திப்போடாம இருக்கச் சொல்லுங்க. அப்பறம் என்ற மவ சாதகம் அங்கயே இருக்குதாமா? இருக்கட்டும், அடுத்த தடவ வாறப்ப பையனோடதையும் கொண்டாந்து வெக்கறேன். ஆராச்சும் நல்லவனாக் கேட்டா சொல்லுங்க" என்றார். இன்றுவரை அந்த இரும்பு பீரோவில் அந்தத் தட்டு இருக்கிறது. அகிலா, தயவு செய்து அதைக் காலி பண்ணிவிடாதே.

அதே நாள் சாயங்காலம் அந்த எண்ணில் இருந்தும் போன் வந்தது. இந்த முறை பின்னால் லாரிச் சத்தம் இல்லை. கோழி கொக்கரித்தது, யாரோ பாத்திரம் விளக்கினார்கள். "நானும் செங்கோடனுக்கு ஒரு வரி சொல்லோணுங்க. போடுவீங்களா?" என்றார்.

"பேரும் ஊரும் சொன்னாப் போடுவோம்" என்றேன்.

சொன்னார். நடைமுறைப்படி நான் அவரைத் திருப்பிக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டேன். இந்தக் கட்டுரைக்காகவும் தாய், மகன் இருவரையும் கூப்பிட்டு, பெயர் போடலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மகன் உடனே சரி என்றார். தாய், போடாவிட்டால் கோபித்துக்கொள்வேன் என்றார். அந்த வரியை ஆசிரியரிடம் அன்று படித்துக் காட்டியபோது, இது திட்டில் சேர்த்தியா, பாராட்டில் சேர்த்தியா என்று அவருக்கே குழப்பமாகிவிட்டது. கடலையை மென்றுகொண்டே யோசித்துவிட்டு, "முதல்லயே போடுங்கம்மா" என்றார். போட்டோம்.

"செங்கோடா, பயப்படாம ஊட்டுக்குப் போ. திட்டு பலமா இருக்கும், சாப்பாடும் பலமா இருக்கும். நான் போயிட்டு வந்துதான் சொல்றேன்.
— பா. தேவராசு, நாமகிரிப்பேட்டை."